ஏற்காட்டில் 15 பவுண்டு போதாது

சேலத்தில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸிங் ரூம் வேலை பழகிய உதவியாளர்கள் ஏற்காட்டுக் கிளினிக்குகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கேயும் ஆவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் அதே ஆட்டோகிளேவ், காஸ் துணியும் கருவிகளும் அடுக்கி உள்ளே வைக்கும் அதே டிரம், அதே பழக்கம்: அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் 15 பவுண்டைத் தொட்டதும் கடிகாரம் பார்ப்பது. மலைமேல் அந்தக் கணக்கு செல்லாது. பயிற்சியில் இதைப் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், அதாவது ஏறத்தாழ 5,000 அடி உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆட்டோகிளேவின் மீட்டர் காட்டுவதோ, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அழுத்தம் கூடுதல் என்பதை மட்டும்தான். கடல்மட்டத்தில் 15 பவுண்டு என்றால் உள்ளே 121 டிகிரி. ஏற்காட்டில் அதே 15 பவுண்டுக்கு 118 டிகிரி அளவில்தான் இருக்கும். மூன்று டிகிரிதானே என்று விட முடியாது. அந்த மூன்று டிகிரி குறைந்தால் ஸ்போர்களை, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் கிருமிகளைக் கொல்ல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் வேண்டும்.

ஸ்போர்களைப் பற்றி மலையில் கூடுதலாகவே கவலைப்பட வேண்டும். கவ்வாத்துக் கத்தி பட்ட விரல், மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து மண் அப்பிய முழங்கால் என்று வருகிறார்கள். அந்த மண்ணில் டெட்டனஸ் கிருமி ஸ்போராகக் கிடக்கும். கொதிக்கும் தண்ணீர் அதை நம்பகமாக அழிக்காது. "பத்து நிமிஷம் கொதிக்க வச்சுட்டேன் சிஸ்டர்" என்று ஆர்ட்டரியை (ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கியை) எடுத்துக் கொடுப்பவர்களிடம் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். அந்த ஆர்ட்டரி அடுத்தவர் காயத்துக்குள் போகிறது.

ஆயிரம் அடி உயரத்துக்கு அரை பவுண்டு கூட்ட வேண்டும் என்பது கணக்கு. ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 17.5 பவுண்டு. ஆனால் சேஃப்டி வால்வில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். உங்கள் மெஷின் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று கம்பெனி டெக்னீஷியன்தான் சொல்ல வேண்டும். வெப்பநிலை காட்டும் மெஷின் என்றால் பவுண்டை விட்டு டிகிரியைப் பாருங்கள். துணி சுற்றிய பொதிக்கு 121 டிகிரியில் 30 நிமிடம். அந்தச் சூட்டைத் தொட்ட பிறகே எண்ணத் தொடங்க வேண்டும்.

மீட்டர் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறுமுன் வால்வை மூடினால் பவுண்டு சரியாகக் காட்டும், சூடு வராது. தொடர்ந்து சீறி ஆவி வரும்வரை திறந்தே வையுங்கள். டிரம்மின் பக்கத் துளைகளைத் திறந்து வைத்து ஏற்றுங்கள், எடுத்ததும் மூடுங்கள். காஸ் துணியைத் திணித்து அடைத்தால் நடுவில் ஆவி புகாது. ரத்தம் காய்ந்த ஃபோர்செப்ஸைத் தேய்த்துக் கழுவாமல் வைத்தாலும் அப்படியே, அந்தப் படலத்துக்கு அடியில் ஆவி படாது.

பொதியில் ஒட்டும், சூட்டில் நிறம் மாறும் டேப்பைக் காட்டி, "டேப் கறுத்துருச்சேக்கா, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். பொதி சூட்டில் இருந்தது என்பதைத்தான் டேப் சொல்லும், கிருமி செத்தது என்பதை அல்ல. அதற்கு ஸ்போர் தடவிய காகிதப் பட்டையை உள்ளே வைத்து, அது செத்ததா என்று ஆய்வகத்தில் பார்க்கும் சோதனை இருக்கிறது. வாரம் ஒரு முறையாவது செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆய்வகம் கீழே சேலத்தில் இருந்தாலும் பட்டையைக் கொடுத்தனுப்பலாம்.

பனிமூட்டக் காலத்தில் கவனிக்க வேண்டியது ஈரம். சூடான பொதியைக் குளிர்ந்த கல் மேடையில் வைத்தால் அடியில் வேர்த்துவிடும், நனைந்த துணி வழியே கிருமி உள்ளே இறங்கும். உள்ளேயே உலரவிட்டு, கம்பித் தட்டில் ஆறவையுங்கள். நனைந்த பொதியை வெயிலில் காயவைத்து எடுக்கக் கூடாது, மறுபடியும் ஏற்றத்தான் வேண்டும்.

டாக்டரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள், எனக்குத் தெரியும். ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு முறையும் பவுண்டு, டிகிரி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதுங்கள். டிகிரி காட்டாத மெஷின் என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, நோட்டை அவர் மேசையில் வையுங்கள்.