போட்டு எஞ்சினுக்கு எந்த ஆயில்? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

ஜூன் முதல் வாரம் வந்துவிட்டால் என் பட்டறையில் உட்கார இடம் இருக்காது. ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-உடன் முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் எல்லாம் ஒரே நாளில் இறங்க வேண்டும். பெயின்ட் அடிப்பவர், வலை கோர்ப்பவர், ஐஸ் வண்டிக்காரர் என்று ஜெட்டியே கல்யாண வீடு மாதிரி இருக்கும். நடுவில் நாங்கள், கையெல்லாம் கரியோடு. அப்போது ஓனர்கள் கேட்கிற கேள்வி சில வருஷங்களாக மாறவே இல்லை: "அண்ணே, இந்தத் தடவை சிந்தெடிக் ஊத்திரலாமா?"

என் பதிலும் மாறவில்லை. டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். முன்பக்கத்தில் தங்க எழுத்தில் இருக்கும் 'ஃபுல்லி சிந்தெடிக்' விற்பவருக்கானது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நாலைந்து எழுத்தும் எண்ணும்தான் உங்கள் எஞ்சினுக்கானவை.

சிந்தெடிக் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதா ஆயில், அதாவது மினரல் ஆயில், கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, சுத்தம் செய்து எடுப்பது. அதில் சின்னதும் பெரிதுமாக எல்லா அளவு மூலக்கூறும் கலந்து கிடக்கும். சிந்தெடிக்கில் மூலக்கூறுகளை ஏறக்குறைய ஒரே அளவாக வடிவமைத்திருப்பார்கள். அதனால் சூட்டில் சீக்கிரம் கெட்டியாகாது, சீக்கிரம் ஆவியாகாது, குளிரில் உறையாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் 'சிந்தெடிக்' என்ற பெயரே ஒரு காலத்தில் வழக்காகிப்போனது பலருக்குத் தெரியாது. கச்சா எண்ணெயில் இருந்தே எடுத்து, ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்த மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயை சிந்தெடிக் என்று சொல்லலாமா என்று 1999-இல் அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் தகராறு வந்தது. அங்கே விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு, சொல்லலாம் என்று காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லுக்குள் பல தரம் அடங்கிவிட்டது. 'செமி சிந்தெடிக்' இன்னும் மோசம். டப்பாவில் எத்தனை பங்கு எது என்று யாரும் எழுதுவதில்லை.

அடுத்து அந்த 'டபிள்யூ' எழுத்து. 15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். 15டபிள்யூ ஆயிலுக்கு, எஞ்சினைச் சுற்றிவிட முடிகிறதா என்று பார்க்கும் சோதனையை மைனஸ் 20 டிகிரியில் செய்கிறார்கள். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30. சிந்தெடிக்கின் பெரிய பெருமையே இந்தக் குளிர்தான். நம் கடற்கரையில் மார்கழி விடியற்காலையில்கூட ஒரு துண்டைப் போர்த்தினால் போதும். மைனஸ் 30-இல் ஸ்டார்ட் ஆகிற ஆயிலுக்கு இங்கே என்ன வேலை? நமக்கு முக்கியம் பின்னால் இருக்கிற 40. எஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை அதுதான் சொல்லும். அந்த எண்ணை மட்டும் மேனுவலைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

இனி ஃபைபர் வள்ளத்தில் தொங்கும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. என் கண்ணில் அதிகம் படுகிற தப்பு இங்கேதான் நடக்கிறது. அதுவும் காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் செய்கிற தப்பு இல்லை, காசை வாரி இறைக்கிறவர்கள் செய்கிற தப்பு.

ஒரு வள்ளக்காரர். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அப்பாவின் எஞ்சினுக்கு நல்லது செய்ய நினைத்து, பைக் கடையில் இருந்ததிலேயே விலை கூடிய டூடி ஆயிலை, அதாவது பைக்கின் டூ ஸ்ட்ரோக் ஆயிலை, சுத்தமான சிந்தெடிக், ஒரு பெட்டி வாங்கி அனுப்பிவிட்டான். மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிளக் அடிக்கடி செத்தது. அப்புறம் இழுவை குறைந்தது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் ரிங் இரண்டும் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு அசையவில்லை, பிஸ்டன் தலையில் சாம்பல் நிறத்தில் கல் மாதிரி படிவு. அவர் என்னிடம், "விலை கூடின ஆயில்தானப்பா ஊத்தினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

நடந்தது இதுதான். பைக்கின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் காற்றில் ஆறுவது, கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில் பிஸ்டனைச் சுத்தமாக வைக்க அதன் ஆயிலில் உலோகம் கலந்த சுத்திகரிப்பான் போடுவார்கள். எரிந்தால் அது சாம்பலாகும். அவுட்போர்டு கடல் தண்ணீரால் ஆறுவது, அவ்வளவு சூடு ஏறாது. அந்தச் சாம்பல் வெளியே போகாமல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து, கனன்று, பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். அதற்காகத்தான் அவுட்போர்டுக்கென்று சாம்பல் இல்லாத ஆயில் தனியாக வருகிறது. டப்பாவில் 'டிசி-டபிள்யூ3' (TC-W3) என்று இருக்கும். இங்கே டபிள்யூ என்றால் வாட்டர். அமெரிக்காவின் படகுத் தயாரிப்பாளர் சங்கம் வைத்திருக்கும் முத்திரை அது. அந்த முத்திரையுள்ள சாதா ஆயில், அது இல்லாத சிந்தெடிக்கைவிட உங்கள் எஞ்சினுக்கு நூறு மடங்கு மேல். முத்திரையும் இருந்து சிந்தெடிக்காகவும் இருந்தால் புகை கொஞ்சம் குறையும், கரி கொஞ்சம் குறையும். கையில் காசு இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் கவலை வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக்கில் எரிபொருளோடு ஆயிலைக் கலக்கும் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேனுவலில் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25 லிட்டர் கேனுக்கு அரை லிட்டர். டீ கிளாஸால் அளப்பது, "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று ஊற்றுவது, இரண்டும் வேண்டாம். ஆயில் கூடினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு கூடாது, கரிதான் கூடும். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் என்றால், கரைக்கு வரும்போது அணைப்பதற்கு முன் சில நிமிஷம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி கார்புரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெயைக் காலி செய்யுங்கள். எந்த ஆயில் என்ற கேள்வியைவிட இந்தப் பழக்கம் அதிகப் பிளக்குகளைக் காப்பாற்றியிருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் 'எஃப்சி-டபிள்யூ' (FC-W) என்ற முத்திரையைத் தேடுங்கள். துருப்பிடிக்காமல் காப்பதற்கென்று தனிச் சோதனை அதில் உண்டு. கார் ஆயிலிலும் பைக் ஆயிலிலும் உப்புக்காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல் தடவை 20 மணி நேரத்தில் மாற்றுங்கள். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதுதான் பெரும்பாலான மேனுவல்களில் இருக்கும். முழு ஆக்சிலரேட்டரில் மணிக்கணக்காக ஓடும் பெரிய எஞ்சின் என்றால் இங்கே சிந்தெடிக்குக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

இனி விசைப்படகின் டீசல் எஞ்சின். நம் பக்கம் ஓடுவதில் பாதி லாரி எஞ்சினின் உடன்பிறப்புகள்தான். அதனால் லாரிக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். "அங்கே 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவைதான் மாத்துறாங்களாம்." லாரிக்கு இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, டீக்கடை உண்டு. மடி, அதாவது இழுவலை, இழுக்கிற போட்டுக்கு முழுக்க ஏற்றம்தான். நங்கூரம் போடுகிற வரை சுமை குறையவே குறையாது. இங்கே கிலோமீட்டர் கணக்கு செல்லாது, மணிக்கணக்குதான்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் கடல், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஒரு தடவை போய் வர 20 மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 60. 250 மணி நேரத்தில் ஆயில் மாற்றச் சொல்லும் எஞ்சினுக்கு நாலு வாரம் தாண்டினாலே முறை வந்துவிடுகிறது. ஆனால் முக்கால்வாசி போட்டில் மணி மீட்டர் செத்துக் கிடக்கும். "போன அமாவாசைக்கு முந்தின அமாவாசையில மாத்தினோம்" என்பார்கள்.

இந்த விஷயத்தில் நானும் ஒரு முறை புத்தி கெட்டுப் பேசியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஓனரிடம், "சிந்தெடிக் ஊத்தியிருக்கோம், 500 மணி நேரம் தைரியமா ஓட்டுங்க" என்றேன். எங்கோ படித்ததை நம்பிச் சொன்னது. அந்த போட்டின் ஆயில் கூலரில் மயிரிழை ஓட்டை. உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. 250-இல் சேம்பரை, அதாவது ஆயில் தேங்கும் அடித்தொட்டியை, திறந்திருந்தால், பால் ஊற்றிய காபி நிறத்தைப் பார்த்த உடனே தெரிந்திருக்கும். 400 சொச்சத்தில் நடுக்கடலில் சத்தம் வந்து, இன்னொரு போட்டு கட்டி இழுத்து வந்தது. மெட்டல் (கிராங்க் பேரிங்) எல்லாம் உரிந்து, கிராங்க்கை கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஓனர் என்னைத் திட்டவில்லை. அடுத்த வருஷம் வேறு பட்டறைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

அன்று எனக்கு உறைத்தது இது. சிந்தெடிக் சூட்டில் சீக்கிரம் கெடாது, சரி. ஆனால் போட்டு எஞ்சினில் ஆயில் சூட்டால் கெடுவதற்கு முன்பே உப்புத் தண்ணீராலும், கரியாலும், எரியாமல் இறங்கும் டீசலாலும் கெட்டுவிடுகிறது. இவை மினரல், சிந்தெடிக் என்று பேதம் பார்க்காது. விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்து, அதே 250 மணி நேரத்தில் வடித்துக் கொட்டுவது பெரும்பாலான பழைய எஞ்சினுக்கு வீண். டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு நான் ஊற்றுவது டப்பாவில் ஏபிஐ சிஐ-4 (API CI-4) என்று போட்டிருக்கும் டீசல் ஆயில் தரத்தில் 15டபிள்யூ-40 சாதா ஆயில்தான். மிச்சமாகும் காசில் ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். ஆயிலை மாற்றிவிட்டு ஃபில்டரை விட்டுவைப்பது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது போல.

சிந்தெடிக்கே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். டர்போவும் இன்டர்கூலரும் வைத்த புது எஞ்சின்களில் ஊற்றுகிறேன். டர்போவின் பேரிங் பயங்கரச் சூட்டில் சுழல்வது. அவசரத்தில் எஞ்சினைச் சட்டென்று அணைத்தால் அங்கே தேங்கும் ஆயில் கருகிக் கட்டியாகும். சிந்தெடிக் அதைக் கூடுதலாகத் தாங்கும். அதற்காக ஐந்து நிமிஷம் ஐடிலில் விடாமல் அணைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. கம்பெனி மேனுவலே சிந்தெடிக் கேட்டால் பேச்சே இல்லை, அதைத்தான் ஊற்ற வேண்டும். லைனர் (சிலிண்டரின் உள்ளுறை), ரிங் புதிதாகப் போட்டு இறக்கிய எஞ்சினுக்கு மட்டும் முதல் ஓட்டத்தில் மினரல்தான் என் வழக்கம். ரிங் லைனரோடு உரசிப் பதிய வேண்டும், ரொம்ப வழுக்கினால் பதியாது.

இரண்டையும் கலந்தால் தயிர் மாதிரி திரிந்துவிடுமா என்று கேட்பார்கள். திரியாது. கடலில் ஆயில் குறைந்தால் கையில் இருக்கும் எஞ்சின் ஆயிலை ஊற்றிக் கரை சேருங்கள், ஒன்றும் ஆகாது. சிந்தெடிக்குக்குக் கொடுத்த காசின் பலன்தான் குறையும்.

ஆயில் எதுவானாலும் தினமும் காலையில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். குறைந்தால் கவனிப்போம். ஆனால் ஏறியிருந்தால் சிலர் சந்தோஷப்படுகிறார்கள்! ஆயில் தானாகப் பெருகாது. தண்ணீரோ டீசலோ இறங்குகிறது என்று பொருள். விரலில் தேய்த்து மோந்து பாருங்கள், டீசல் வாடை தெரியும். தண்ணீர் என்று சந்தேகம் வந்தால் சூடான தகட்டில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. தாளிக்கிற மாதிரி படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது.

தடைக்காலம் பற்றி ஒன்று. எல்லோரும் ஜூனில், இறங்குவதற்கு முதல் நாள் ஆயில் மாற்றுகிறார்கள். நான் ஏப்ரலில் மாற்றச் சொல்கிறேன். ஓடின ஆயிலில் அமிலம் இருக்கும், ஈரம் இருக்கும். அதை 61 நாள் உள்ளே விட்டுவைத்தால் சும்மா கிடக்கிற எஞ்சினின் மெட்டலை அது அரித்துக்கொண்டே இருக்கும். போட்டை ஏற்றும் வாரத்திலேயே பழையதை வடித்து, ஃபில்டரோடு புதிதை ஊற்றி, கூலிங்குக்குத் தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிஷம் ஓட்டி அணையுங்கள். உள்ளே எல்லா இடத்திலும் நல்ல ஆயில் பூசிக்கொண்டு நிற்கும். ஜூனில் அதே ஆயிலோடு இறங்கலாம். செலவு ஒன்றுதான், மாதம்தான் வேறு.

ஆயிலை ஊற்றி முடித்ததும் காலி டப்பாவில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல கம்பெனி டப்பா முழுசாக வெளியே போனால், கண்ட ஆயிலையும் அடைத்துப் புது மூடி போட்டுத் திரும்ப விற்பதற்கு ஆள் இருக்கிறது. வடித்த ஆயிலைப் பெரிய கேனில் சேர்த்து வையுங்கள், மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் காசு கொடுத்தே வாங்குவார்கள். ஜெட்டி ஓரமாகத் தண்ணீரில் சாய்த்துவிட்டால், மறுநாள் காலையில் உங்கள் பையன் தூண்டில் போடுகிற இடத்தில்தான் அது வானவில் நிறத்தில் மிதக்கும்.