தண்ணீர் படாமலே நனைந்த மாத்திரை

சென்ற மாதம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வேலை செய்யும் மருந்தகத்துக்குத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே பேரனின் வலிப்பு மாத்திரைகள். பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் பையன் சிரமப்படக்கூடாதென்று ஒரு மாதத்து மாத்திரைகளையும் தகட்டிலிருந்து பிதுக்கிப் போட்டிருக்கிறார். அவை ஒன்றோடொன்று ஒட்டி, மழைக்கால வெல்லம்போலக் கசிந்து கிடந்தன.

"ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை, தம்பி."

உண்மைதான். மாத்திரையே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டது. சோடியம் வால்புரோவேட் என்ற அந்த மருந்து நீராவியைப் பிடித்து, பிடித்த நீரிலேயே கரையத் தொடங்கிவிடும். சமையல் உப்புக்கும் இதே குணம்தான். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கசியும். நம் ஊரில் விடியற்காலையில் அது 90-ஐயும் தொடும். (பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், காய் இதற்கு நேர்மாறு. வெயிலில் ஈரம் வற்றி, ஓடு முறுக்கேறி, பட்டென்று வெடிக்கும். சிறுவயதில் அந்தச் சத்தத்துக்கு நான் பயந்ததுண்டு.)

ஆஸ்பிரின் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஈரம் புகுந்து மருந்தையே உடைத்துவிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதுதான் காரணம்.

எனக்கு அதிகக் கவலை, இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகள்தான். அவற்றில் தடவியிருக்கும் நொதி ஈரத்தில் கெட்டால் அளவு தாறுமாறாக வரும். அதை நம்பி இன்சுலின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரம் உறிஞ்சும் பொருள் அந்தப் புட்டியிலேயே இருக்கிறது. வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். ஒன்றை எடுத்த கையோடு மூடிவிடுங்கள்.

மருந்துப் புட்டிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் குப்பையில் போடாதீர்கள். ஒரு கிராம் சிலிக்காவின் நுண்துளைகளுக்குள் சில நூறு சதுர மீட்டர் பரப்பு மடிந்திருக்கிறது. நீராவி அதில்தான் ஒட்டிக்கொள்கிறது. அதற்கும் ஓர் அளவு உண்டு, நிறைந்துவிட்டால் வேலை செய்யாது. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லாத மருந்தை அங்கே வைத்தால், வெளியே எடுக்கும்போதெல்லாம் அதன்மேல் நீர் பூக்கும்.

பாட்டிக்குப் புதிய மாத்திரைகள் ஏற்பாடு செய்தோம். கசிந்துபோனதே என்று வலிப்பு மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. உடனே கொண்டுவந்து மாற்ற வேண்டும். இனித் தகட்டோடு வையுங்கள், பேரன் வாயில் போடும் நேரத்தில் பிரித்தால் போதும் என்றேன்.

"அப்படியானால் இந்த டின்?"

"முறுக்கு வையுங்கள், பாட்டி."

"மூடி சரியில்லை தம்பி, நமத்துப்போகும்" என்றார்.