நூறு வரை சொல்லும் பிள்ளைக்கு மூன்று தெரியுமா?

நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பால்வாடியில் பெற்றோர் கூட்டம் போட்டால் அம்மாக்கள் பெருமையோடு சொல்வது பெரும்பாலும் இதுதான்: "எம் பிள்ள நூறு வரைக்கும் சொல்லுதான் டீச்சர்." உண்மைதான், சொல்கிறான். ஆனால் அதே நான்கு வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு கிண்ணம் நிறையப் பாட்டில் மூடிகளை வைத்து, "மூணு எடுத்துக் குடு" என்று கேளுங்கள். ஐந்தோ ஏழோ கைக்கு வந்ததை அள்ளி நீட்டலாம்.

பிள்ளைக்கு மூளை போதாது என்று இதற்கு அர்த்தமில்லை. எண்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பது ஒரு திறமை, மூன்று என்றால் எவ்வளவு என்று அறிவது வேறொரு திறமை. முதலாவது பாட்டு மாதிரி நாக்கில் படிந்துவிடும். இரண்டாவது படிப்படியாகத்தான் வரும். அந்தப் படிகளை 1990களின் தொடக்கத்தில் தெளிவாகக் காட்டியவர் கேரன் வின் என்ற உளவியலாளர். அவர் செய்த சோதனை ரொம்ப எளிது. குவியலிலிருந்து இத்தனை பொம்மை எடுத்துக் கொடு என்று கேட்டார், அவ்வளவுதான்.

முதலில் பிள்ளைக்கு 'ஒன்று' மட்டும் பிடிபடுகிறது. ஒன்று கேட்டால் சரியாக ஒன்று தரும். இரண்டு, நாலு, ஆறு எதைக் கேட்டாலும் ஒரு கைப்பிடி வரும். சில மாதம் கழித்து 'இரண்டு', அப்புறம் 'மூன்று'. இந்த ஏற்றத்துக்குப் பல பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் ஆகிறது, சிலருக்கு அதற்கு மேலும். பிறகுதான் பெரிய தாவல் வருகிறது: எண்ணிக்கொண்டே போய்க் கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது புரிகிறது. அதற்குப் பின் ஐந்து, ஆறு, எட்டு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்த அளவுக்கு எல்லாமே கைக்கு வந்துவிடும்.

பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். தாவல் நடக்காத பிள்ளை எண்ணாமல் அள்ளும். "இது மூணா, எண்ணிப் பாரு" என்றால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, "ஆமா, மூணுதான்" என்று கூசாமல் சொல்லும். "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். தாவல் நடந்த பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கேட்ட எண் வந்ததும் நிறுத்தும். தவறு வந்தால் தானே ஒன்றைத் திருப்பிப் போடும். அந்தத் திருத்தத்தைக் கவனிக்க வேண்டும். பேப்பரில் எழுதி வைக்கும் எந்தத் தேர்விலும் அது தெரியாது. நான்கு வயதில் எழுத்துத் தேர்வு வைத்தால் பென்சில் பிடிக்கத் தெரியுமா என்பதைத்தான் அளக்க முடியும். (மூடிக்குப் பதில் புளியங்கொட்டையை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய ஆசைதான். மூன்று வயசுப் பிள்ளை மூக்கில் போட்டுக்கொள்ளும், வேண்டாம்.)

கேட்கிற விதமும் விடையை மாற்றும். இரண்டு வரிசையில் சமமாகக் காசுகளை அடுக்கிவிட்டு, ஒரு வரிசையை மட்டும் பரப்பி வைத்தால், சிறு பிள்ளைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் என்கிறார்கள் என்று பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் காட்டியிருந்தார். 1970களின் நடுவில் மெக்கரிகல், டொனால்ட்சன் என்ற இருவர் இதே வகைச் சோதனையை 80 பிள்ளைகளிடம் செய்தார்கள். பெரியவர் வேண்டுமென்றே வரிசையைக் கலைத்தபோது சரியாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. குறும்புக் கரடி பொம்மை ஒன்று ஓடிவந்து கலைத்துவிட்டது போல நடித்தபோது பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் எதையோ மாற்றிவிட்டு மறுபடி அதையே கேட்டால், 'முதலில் சொன்னது தப்பு போல' என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி முன்னால் வாயே திறக்காத பிள்ளைக்கும் இதே கதைதான். ஒரு நாள், ஒரு கேள்வி, ஒரு புது முகம் என்று வைத்து ஒரு பிள்ளையை எடைபோடுவது அநியாயம்.

அதனால்தான் பெற்றோர் வேண்டும் என்கிறேன். பிள்ளை கூச்சமில்லாமல் இருப்பது அடுப்படியிலும் திண்ணையிலும்தான். ஆனால் "வீட்டில் நல்லாப் படிக்கிறானா?" என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. "ரெண்டு தக்காளி எடுத்துட்டு வான்னா எத்தனை கொண்டு வாரான்?" என்று கேட்டால் உடனே பதில் வரும், ஆசிரியருக்குத் தெரியாத பதில்.

இந்தச் சீமையில் பீடி சுற்றும் அம்மாக்களுக்கு எண் புதிதில்லை. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். சுளகை மடியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் கணக்குத்தான். ஆனால் கணக்கு மனசுக்குள்ளேயே ஓடுகிறது, பக்கத்தில் விளையாடும் பிள்ளையின் காதில் விழுவதில்லை. அமெரிக்காவில் சூசன் லெவினும் கூட்டாளிகளும் 44 குடும்பங்களின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வயதுக்குள் எண் பேச்சை அதிகம் கேட்ட பிள்ளைகள், நாலு வயதை நெருங்கும்போது எண்ணின் அளவை நன்றாக அறிந்திருந்தார்கள். அடுத்த வருஷம் வந்த ஆய்வு இன்னும் துல்லியம்: கண்முன் இருக்கும் பொருளைக் காட்டிச் சொன்ன எண்களுக்கும், அதிலும் நாலும் அதற்கு மேலுமான எண்களுக்கும்தான் அதிகத் தொடர்பு. ஆக, "தட்டு எடுத்து வை" என்பதற்குப் பதில் "அஞ்சு தட்டு எடுத்து வை, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, மொத்தம் அஞ்சு" என்றால் போதும். புகையிலைத் தூள் கிடக்கும் சுளகை மட்டும் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள்.

கூட்டத்தில் ஆசிரியர் மார்க் சொல்லாமல் மூடிக் கிண்ணத்தை நடுவில் வைத்து, பிள்ளை செய்வதை அம்மாவையே பார்க்கவிடலாம். ஒரு நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதினால் போதும்: 'ரெண்டு சரியாகத் தந்தான், மூணு கேட்டால் அள்ளுகிறான்.' அடுத்த படி மூன்று என்று வீட்டுக்கும் தெரிந்துவிடும். அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போனால் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பாடம் நடக்கிறது; அங்கேயும் இந்தக் குறிப்பு உதவும்.

ஐந்து வயது தாண்டியும், வேறு வேறு நாளில் கேட்டும், வீட்டில் அம்மா கேட்டும் இரண்டு, மூன்று வரவில்லை என்றால் முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கேள்வியே சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம். அங்கன்வாடிப் பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. அவர்கள் வரும் அன்றைக்கு அந்த நோட்டை அம்மா கையில் கொடுத்து அனுப்புங்கள்.