கேவி கூடினால் பவர் கூடாது, தம்பி

போன சனிக்கிழமை ஓர் அப்பாவும் பதினோராம் வகுப்பு படிக்கும் மகனும் கடைக்கு வந்தார்கள். பையனின் கையில் ஒரு ஷார்ட் கோர்ஸ் டிரக், ரிமோட்டில் மண்ணில் ஓட்டும் பொம்மைப் பந்தய வண்டி. பாடியைக் கழற்றும் முன்பே வாசனை வந்துவிட்டது. ஆர்.சி. (ரிமோட் கண்ட்ரோல்) வண்டிப் பக்கம் வருவதற்கு முன் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். காயில் கம்பியின் எனாமல் பூச்சு கருகிய வாசனையைக் கண்டுபிடிக்க எனக்கு மீட்டர் தேவையில்லை.

அந்த வண்டிக்கு இந்த வருடத்தில் அது மூன்றாவது மோட்டார். என் மேசைக்கு அந்த வாரத்தில் வந்த நான்காவது எரிந்த மோட்டார்.

"அண்ணா, இது வீக் மோட்டார். இன்னும் பெரிய கேவியா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றான். அப்பா எதுவும் பேசவில்லை. பர்ஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கேவியில் இருந்தே தொடங்குகிறேன். மின்வாரியத்துக்காரர் சொல்லும் 11 கேவி வேறு, இது வேறு. அது கிலோவோல்ட். மோட்டார் மேல் அச்சடித்திருக்கும் கேவி, ஒரு வோல்ட் கொடுத்தால் சுமையே இல்லாத நிலையில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. 3500 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் 25,900 சுற்று. அந்த எண்ணில் இருக்கும் தகவல் இவ்வளவுதான். அது எவ்வளவு இழுக்கும், எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று எதுவும் அதில் இல்லை.

காயில் கட்டியவனுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். ஒரே அளவு மோட்டாரில் ஸ்லாட்டுக்குள் போகும் தாமிரத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். சுற்றைக் குறைத்தால் தடித்த கம்பி போடலாம், வேகம் கூடும், கேவி கூடும். சுற்றைக் கூட்டினால் கம்பி மெலியும், கேவி குறையும். தாமிரம் அதே, காந்தம் அதே, வெளிக்கூடும் அதே. அப்புறம் கூடுதல் பவர் எங்கிருந்து வரும்? மாறுவது ஒன்றே ஒன்று. கேவி இரண்டு மடங்கானால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவை பாதியாகும். 3500 கேவியை எடுத்துவிட்டு 4600 கேவி போட்டால், அதே இழுவைக்கு மோட்டார் 31 சதவீதம் கூடுதல் ஆம்பியர் கேட்கும். கம்பி தடித்திருப்பதால் அதே இழுவையில் காயில் பெரிதாகச் சுடாமல் தப்பிக்கலாம். அந்தக் கூடுதல் ஆம்பியரைச் சுமக்கும் இ.எஸ்.சி.யும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பேட்டரியும் கனெக்டரும் தப்பிக்காது. உருகிய கனெக்டரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் 'சாலிடர் சரியில்லை' என்றுதான் சொல்கிறார்கள். சாலிடர் மேல் ஒரு குறையும் இருப்பதில்லை.

பவர் வேண்டுமென்றால் மோட்டாரின் உடம்பைப் பாருங்கள். 3650 என்று எழுதியிருந்தால் 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். 3660 என்றால் 10 மி.மீ. கூடுதல் நீளம், அதற்கேற்ப கூடுதல் தாமிரம், கூடுதல் காந்தம். நான்கு சக்கர இயக்க டிரக்குக்கு 550 என்ற நீளமான அளவில் நான்கு துருவ மோட்டாரை விரும்புவது இதனால்தான். எடை கூடிய வண்டி, அதற்கு உடம்புள்ள மோட்டார். இரண்டு சக்கர இயக்கத்துக்கு 540 என்ற குட்டையான அளவே போதும். சரி, மோட்டார் தேர்வு பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மோட்டார்கள் செத்துப்போவது கியரில்.

குன்னூர் மலைப்பாதையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு டாப் கியரிலேயே ஏறப் பார்க்கும் டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி திணறும், உதறும், கடைசியில் நின்றுவிடும். பெட்ரோல் இன்ஜின் தன் வலியை இப்படி வெளியில் காட்டிவிடும். மின்மோட்டார் காட்டாது. கியர் எவ்வளவு தப்பாக இருந்தாலும் முக்கிக்கொண்டு இழுக்கும், அதற்கான ஆம்பியரைப் பேட்டரியிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கும், உள்ளே வெந்துகொண்டே இருக்கும். சுமையில்லாமல் சுற்றக்கூடிய வேகத்தில் பாதி வேகத்துக்கு மேல் போக முடியாமல் ஒரு மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தால், அதற்குள் போகும் மின்சாரத்தில் பாதியாவது சூடாகத்தான் மாறுகிறது. வெளியே வண்டி ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க ஒரு குறையும் தெரியாது.

கணக்கு கடினமில்லை. மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம் ஸ்பர். ஸ்பர் பல்லைப் பினியன் பல்லால் வகுத்து, டிரான்ஸ்மிஷனுக்குள் இருக்கும் விகிதத்தால் பெருக்க வேண்டும். ஆர்.சி. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அறிந்த வண்டி என்பதால் டிராக்ஸாஸ் கம்பெனியின் ஸ்லாஷ் டிரக்கை உதாரணத்துக்கு எடுக்கிறேன். இரண்டு சக்கர மாடலில் உள் விகிதம் 2.72. அதில் 86 பல் ஸ்பரும் 19 பல் பினியனும் போட்டால் மொத்தம் 12.31. மோட்டார் 12.31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயர் விட்டம் 110 மி.மீ. என்று வைத்தால், 3500 கேவி மோட்டாருக்கும் இரண்டு செல் லிப்போ பேட்டரிக்கும் (7.4 வோல்ட்) கணக்கில் வரும் உச்ச வேகம் மணிக்கு 44 கி.மீ. ஓட்டத்தில் அதைவிடக் குறையும். இரண்டரை கிலோ வண்டி மண்ணில் ஓட இது நல்ல வேகம்.

இப்போது அந்தப் பையன் செய்ததைப் பாருங்கள். அவன் வண்டியும் ஏறக்குறைய இதே அளவுதான். முதலில் இரண்டு செல்லை மூன்று செல்லாக்கினான். அது 1.5 மடங்கு. 'பினியன் பெருசானா ஸ்பீடு' என்று யாரோ சொல்ல, 19 பல்லை எடுத்துவிட்டு 23 போட்டான். அது 1.21 மடங்கு. பிறகு பார்க்க நன்றாக இருக்கிறது என்று 140 மி.மீ. டயர் மாட்டினான். அது 1.27 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 2.3. அந்த மோட்டாரை அவன் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் துரத்தச் சொல்லியிருக்கிறான், அதுவும் பள்ளி மைதானத்துப் புல்லில். பினியனும் டயரும் சேர்ந்தே அதே இழுவைக்கு மோட்டாரின் சுமையை 1.54 மடங்காக்கிவிட்டன. ஆம்பியர் ஏறும் விகிதத்தின் வர்க்கத்தில் சூடு ஏறும். ஆக, காயிலில் 2.37 மடங்கு சூடு. மோட்டார் வீக் என்று எப்படிச் சொல்ல முடியும்? நாலு நிமிடம் தாங்கியதே பெரிது.

டயர் விஷயத்தை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் யாருமே அதைக் கியர் என்று நினைப்பதில்லை. பெரிய டயர் போட்டால் பெரிய பினியன் போட்டதாகத்தான் அர்த்தம். வண்டியைத் திறக்கவே இல்லையே என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் ஸ்கேலை எடுத்து டயரை அளக்கிறேன்.

வோல்ட்டோ கேவியோ எந்த மடங்கில் ஏறுகிறதோ, அந்த மடங்கில் பினியன் இறங்க வேண்டும். 3500-இலிருந்து 4600 கேவிக்குப் போனால் 19 பல் 14 அல்லது 15 ஆக வேண்டும். இரண்டு செல்லிலிருந்து மூன்று செல்லுக்குப் போனால் 13. அங்கிருந்து, சூட்டைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு பல்லாக ஏற்றலாம். இப்படிச் சின்னப் பினியனோடு ஓடும் உயர் கேவி மோட்டார் சூடு குறைவாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கும். உயர் கேவி மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. பழைய பினியனை அப்படியே விட்டுவிடுவதுதான் கோபம் வரவைக்கிறது.

எரிந்த மோட்டார் திரும்பத் திரும்ப ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. சூட்டில் ரோட்டர் காந்தம் வலுவிழந்தால் மோட்டாரின் கேவி ஏறும். ஆமாம், ஏறும். வண்டியைத் தூக்கிப் பிடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் முன்னைவிட வேகமாகச் சுற்றும். 'நல்லாத்தானே சுத்துது' என்று மறுபடி மண்ணில் விடுவார்கள். இழுவை குறைந்திருக்கும், அதனால் ஆம்பியர் கூடும், அதனால் சூடு கூடும், காந்தம் இன்னும் வலுவிழக்கும். மேசையில் நான் பார்ப்பது சுமையில்லாத ஆம்பியரை. புது மோட்டாரைவிட அது நன்றாக ஏறியிருந்தால் அந்த மோட்டார் முடிந்தது. சாதாரணத் தர நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே தளரத் தொடங்கும். 150 டிகிரி வரை தாங்கும் உயர்ந்த தரமும் இருக்கிறது. உங்கள் மோட்டாரில் எது இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருக்காது. வெளிக்கூடு 90 காட்டும்போது உள்ளே காயில் அதைவிட நன்றாகவே சூடாக இருக்கும்.

அதனால் ஒரு டெம்பரேச்சர் கன் வாங்குங்கள். விரலை வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது. புதுப் பினியன் போட்டால் இரண்டு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, அளந்து, பிறகு மூன்று நிமிடம். கூட்டில் 80 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 80-ஐத் தொட்டால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, ஒரு பல் இறக்குங்கள். பளபளப்பான அலுமினியக் கூட்டில் அந்தக் கன் குறைத்துக் காட்டும், நம்பாதீர்கள். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் பிடியுங்கள். 58 என்று காட்டிய மோட்டார் டேப் ஒட்டியதும் 84 காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஃபேன் மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கூட்டைக் குளிர்விக்கும், தப்பான கியரைத் திருத்தாது.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 20 டிகிரி குளிரில் ஓட்டிய ஒருவர் சொல்லும் பினியன் எண்ணை வாங்கி, சித்திரை மாதம் 40 டிகிரியில் போடுகிறோம். அந்த 20 டிகிரி வித்தியாசம் அப்படியே மோட்டார் சூட்டில் ஏறி உட்காரும். அவருடைய போட்டி வகுப்பும் வேறாக இருக்கலாம். அமெரிக்காவில் 17.5 டர்ன், 13.5 டர்ன் என்று மோட்டாரைக் கட்டுப்படுத்தி கிளப் போட்டிகள் நடக்கின்றன. டர்ன் என்பது காயிலின் சுற்று எண்ணிக்கை. அது கூடினால் வேகம் குறைவு, அதனால் அவர்கள் பெரிய பினியன் போட்டே ஆக வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் உங்கள் 4600 கேவியில் போட்டால் ஒரு பேட்டரிகூடத் தாங்காது.

போட்டி டிராக்கில் எது சரியான பினியன் என்று கேட்கிறவர்களுக்கு: டிராக்கின் மிக நீளமான நேர்கோட்டைப் பாருங்கள். அதன் கடைசிப் பகுதியில் வண்டி உச்ச வேகத்தைத் தொட வேண்டும். பாதியிலேயே தொட்டுவிட்டால், சூடும் இடம் கொடுத்தால், ஒரு பல் ஏற்றலாம். முடியும்வரை தொடவே இல்லை என்றால் இறக்குங்கள். வளைவும் ஜம்ப்பும் நிறைந்த டிராக்கில் சின்னப் பினியன் வண்டிதான் முதலில் வெளியே வரும்.

மற்றவை சுருக்கமாக. மோட்டாரைக் குறை சொல்லும் முன் பினியனை விலக்கிவிட்டு வண்டியைத் தரையில் உருட்டுங்கள். இறுக்கமாக உருண்டால் பேரிங்கில் மண், மோட்டார் பாவம். பிட்ச், மாட்யூல் இரண்டும் பல்லின் அளவைச் சொல்பவை. 48 பிட்ச் ஸ்பரோடு 0.5 மாட்யூல் பினியனைச் சேர்க்காதீர்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், இரண்டு பேட்டரிக்குள் ஸ்பர் மொட்டையாகும். பினியன் ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும். பல்லுக்கு இடையில் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து இறுக்கிவிட்டு, தாளை உருவிக்கொள்ளுங்கள், இடைவெளி சரியாக வரும். மோட்டார் மவுண்டில் நீளமான ஸ்க்ரூ போடாதீர்கள். உள்ளே போய்க் காயிலைத் தொட்டு ஷார்ட் ஆன மோட்டார்களை ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். ஸ்லிப்பரை (ஸ்பரோடு இருக்கும் நழுவும் கிளட்சை) முழுக்க இறுக்காதீர்கள், புறப்படும்போது ஓரிரு அடி நழுவ வேண்டும். புல்லில் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பல் இறக்கிவிட்டு ஓட்டுங்கள். புல் மணலைவிடக் கொடுமையானது.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். புது மோட்டார் வாங்கித் தரும் முன் பிள்ளையிடம் பினியன் எத்தனை பல், டயர் விட்டம் என்ன என்று கேளுங்கள். தெரியாது என்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு பினியனின் விலை மோட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான்.

அந்தப் பையனுக்குப் பழைய கேவியிலேயே ஒரு மோட்டார் போட்டேன். மூன்று செல் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான், இருக்கட்டும் என்று விட்டேன். பினியன் 14, டயர் பழைய 110. கணக்கில் உச்ச வேகம் மணிக்கு 48 கி.மீ. கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் ஐந்து நிமிடம் ஓட்டினான். கறுப்பு டேப்பின் மேல் 71 டிகிரி. "அண்ணா, இது முன்னைவிடச் சட்டுனு எடுக்குது" என்றான். பாடிக்கு உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, தேதி, 14 பல், 110, 71 டிகிரி என்று அவன் கையாலேயே எழுத வைத்தேன். பெரிய டயரை மறுபடி போட முடியுமா என்று கிளம்பும்போது கேட்டான். அளந்துகொண்டு வா, கணக்குப் போட்டுவிட்டு முடிவு பண்ணலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.