சொத்தை இல்லாத பல் ஏன் ஆடுகிறது?

பத்து வயதுப் பிள்ளைக்குப் பால்பல் ஆடினால் கவலை இல்லை. ஆனால் நன்றாக முளைத்து நின்ற கடைவாய்ப் பல் ஆடுகிறது, சொத்தையும் இல்லை, ஊத்தையும் படியவில்லை என்றால், கோளாறு அதைத் தாங்கும் எலும்பில் இருக்கலாம். பிடுங்குவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

அபூர்வமாகச் சிலருக்கு அந்தப் படத்தில் வேரைச் சுற்றி எலும்பே தெரியாது. பல் அந்தரத்தில் மிதப்பது போல நிற்கும். இதற்கு ஒரு காரணம் ஈசினோஃபிலிக் கிரானுலோமா. லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்ற நோய் எலும்போடு நின்றுகொள்ளும் வடிவம் இது. கீழ்த்தாடையின் பின்பகுதியில்தான் அதிகம் வரும்.

1868இல் பால் லாங்கர்ஹான்ஸ், மருத்துவ மாணவராக இருந்தபோதே தோலில் கண்ட செல்களின் பெயர் இந்த நோய்க்கு வந்தது. அவற்றைப் போன்ற செல்கள் எலும்புக்குள் பெருகி, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களை அழைத்துக் கூட்டம் சேர்க்கின்றன. சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. ஈசினோஃபில் பெயரைக் கொடுத்ததே தவிர, மூலகாரணம் அது அல்ல. ஏறத்தாழப் பாதிப் பேரின் நோய்ச் செல்களில் பிராஃப் என்ற மரபணு மாறியிருப்பது 2010இல் தெரியவந்தது.

எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஈறு நோய், சீழ்க்கட்டி, சில புற்றுநோய்கள்கூட இதே போலத் தெரியும். அங்கிருந்து சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் வழி. நுண்ணோக்கியில் உட்கரு நடுவே மடிப்பு விழுந்த செல்கள் தெரியும். அந்தச் செல்களில் உள்ள சிடி1ஏ, லாங்கரின் என்ற புரதங்களைக் காட்டும் சாயச் சோதனைகள் அதை உறுதி செய்யும். பல் மருத்துவர்களே, பல் பிடுங்கிய குழியிலிருந்து சுரண்டும் சதையைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். ஃபார்மலினில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆறாத பல்குழி பலருக்கு முதல் தடயமாக இருந்திருக்கிறது.

அப்புறம், வேறு எலும்புகளிலும் உறுப்புகளிலும் இருக்கிறதா என்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை மூலம் பார்க்க வேண்டும். தாகம் அடங்காமல் பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சர்க்கரை சரியாக இருந்தும் அப்படியென்றால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம்.

ஓரிடத்தில் மட்டும் என்றால் சுரண்டி எடுப்பதே பெரும்பாலும் போதும். சிலருக்கு அந்த இடத்துக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பல இடங்களில் இருந்தால் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால், மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு பிராஃபைத் தடுக்கும் மருந்துகள் கைகொடுக்கின்றன. எலும்பு மீண்டும் வளர்ந்தால் ஆடிய பல் சில சமயம் உறுதிப்படும். அதனால் பிடுங்க அவசரம் வேண்டாம். நோய் திரும்பி வரக்கூடும் என்பதால் சில ஆண்டுகள் தவறாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.