ஹேபியஸ் கார்பஸ்: உடலா, ஆளா?

காதலித்து வீட்டை விட்டுப் போன மகளைத் தேடி அப்பா உயர் நீதிமன்றத்தில் போடுவதும் ஹேபியஸ் கார்பஸ்தான். குண்டர் சட்டத்தில் உள்ளே வைக்கப்பட்ட மகனுக்காக அம்மா போடுவதும் அதுதான். பிடித்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு இது; தமிழில் ஆட்கொணர்வு மனு. வக்கீல்கள் சுருக்கமாக ஹெச்.சி.பி. (ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷன்) என்பார்கள்.

இது லத்தீன் தொடர். பழைய உச்சரிப்பில் ஹபேஆஸ் கோர்புஸ். 'ஹபேஸ்' என்றால் 'நீ வைத்திருக்கிறாய்'. அதில் ஒரு ஆகாரம் நுழைந்து 'ஹபேஆஸ்' ஆனதும் பொருள் மாறிவிடுகிறது: 'நீ வைத்திருப்பாயாக'. நம் வியங்கோளுக்கு நெருங்கிய வடிவம். இந்த 'நீ' சிறைப்பட்டவர் அல்ல, அவரைப் பிடித்து வைத்திருப்பவர். 'இன்ன நாளில் அந்த ஆளோடு என் முன் நில்' என்று அவருக்கு நீதிமன்றம் இடும் கட்டளையில் வரும் சொற்களே அந்த ஆணைக்குப் பெயராகிவிட்டன. இங்கிலாந்தில் 1679இல் இதற்கென்றே சட்டம் வந்தது; வழக்கம் அதற்கும் முந்தியது. இந்தியாவில் அரசியலமைப்பின் 32, 226ஆம் பிரிவுகள் இதற்கு இடம் தருகின்றன.

'கோர்புஸ்' என்றால் உடல். பன்மையில் கோர்போரா. நாம் மாநகராட்சி என்று சொல்லும் கார்ப்பரேஷனும் இந்த வேரில் முளைத்ததுதான். அடுக்ககச் சங்கங்கள் வசூலிக்கும் கார்பஸ் ஃபண்டிலும் இதே உடல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை மூலநிதி என்றால் போதும். கத்தோலிக்கரின் கோர்புஸ் கிறிஸ்தி விழா தமிழில் 'திருவுடல்' என்றே வருகிறது. அங்கே அது பொருத்தம்.

நீதிமன்றத்தில் பொருந்தாது. 'உடலை ஒப்படைத்தார்கள்' என்று செய்தியில் படித்தால் நமக்கு என்ன தோன்றும்? பிணம்தானே! உயிரோடு கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆணைக்கு 'உடல் கொணர்வு' என்று பெயர் வைத்திருந்தால் பெற்றவர்களுக்குப் பகீரென்றிருக்கும். 'ஆட்கொணர்வு' என்று ஆக்கியவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. உடலை ஆளாக்கினார். 'வைத்திரு' என்பதை விட்டுவிட்டு, நீதிமன்றம் உண்மையில் கேட்கும் 'கொண்டுவா' என்பதைப் பிடித்துக்கொண்டார். கொணர்தல் என்றாலே கொண்டுவருதல்தான்.

அப்புறம் புணர்ச்சி. ஆள் + கொணர்வு என்பதில் ளகரம் டகரமானது, ஆட்கொல்லியில் ஆனதைப் போலவே. 'ஆள்கொணர்வு' என்று புணர்ச்சி இல்லாமல் எழுதுவதையும் பார்க்கிறேன். சேர்த்து எழுதும்போது ஆட்கொணர்வு என்பதே சரி. 'ஆட்கொணர்வு மனு' என்றால் வேண்டுகோள், 'ஆட்கொணர்வு ஆணை' என்றால் நீதிமன்றம் தருவது. ஹேபியஸ் கார்பஸ் என்று மொட்டையாகச் சொல்லும்போது இந்த இரண்டும் குழம்பிவிடுகின்றன.