ஓப்பன் ஃபில்டர் வாங்கும் முன் இன்டேக் வெப்பநிலையைப் பாருங்கள்

கார் கைக்கு வந்ததும் பலருக்கு வரும் முதல் ஆசை, அசல் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஓப்பன் பாட், அதாவது பெட்டியில்லாத திறந்த ஃபில்டரை மாட்டுவது. சில நூறு வெள்ளி செலவு, அரை மணி நேர வேலை, "பத்து குதிரைத்திறன் கூடும், பெட்ரோலும் மிச்சமாகும்" என்ற பேச்சு. இன்ஜினில் வேறு எந்த மாற்றமும் செய்யாமல் சிங்கப்பூர்ச் சாலையில் ஓடும் காருக்கு இது பெரும்பாலும் வீண் செலவு. சில கார்களில் இருக்கும் சக்தியும் குறைந்துபோகும்.

கணக்கைப் பார்ப்போம். 1.6 லிட்டர் இன்ஜின், நிமிடத்துக்கு 6,000 சுற்றில், முழு த்ராட்டிலில் (இன்ஜினுக்குக் காற்று விடும் தகடு முழுதும் திறந்த நிலையில்), நிமிடத்துக்குச் சுமார் 4,300 லிட்டர் காற்றை இழுக்கும். அசல் பெட்டியும் காகித ஃபில்டரும் அந்த அளவுக்குத் தோதாகவே செய்யப்பட்டவை. ஃபில்டர் சுத்தமாக இருந்தால், அந்த உச்சத்திலும் அவற்றால் ஏற்படும் அழுத்த இழப்பு பொதுவாக ஓரிரு கிலோபாஸ்கல்தான். வெளிக்காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அந்தத் தடையை அடியோடு நீக்கினாலும் கிடைப்பது ஒன்று, இரண்டு சதவீதம். 120 குதிரைத்திறன் காரில் அது இரண்டரையைத் தாண்டாது. அதுவும் சுற்று மீட்டரின் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும். 2,000 சுற்றில் காற்றோட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிடும், தடையோ ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்.

பெட்ரோல் மிச்சம் என்பதும் இதே காரணத்தால் நிற்காது. தீவு விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது காற்றைத் தடுப்பது ஃபில்டர் இல்லை, பாதி மூடிய த்ராட்டில் தகடு. ஃபில்டர் கொஞ்சம் தாராளமானால், அதே வேகத்துக்கு நீங்கள் பெடலை இம்மியளவு குறைவாக மிதிப்பீர்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டர் நன்றாக அடைத்துக்கொண்டிருந்தபோதுகூட நவீன இன்ஜெக்‌ஷன் கார்களின் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. முடுக்கம்தான் மந்தமானது.

இங்கே பெரிய விஷயம் சூடு. அசல் பெட்டியின் மூக்குக்குழாய் முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு மேலே, வெளிக்காற்றை நேராகப் பிடிக்கும்படி இருக்கும். ஓப்பன் பாட் இன்ஜினுக்குப் பக்கத்தில், பானட்டுக்குள் சுழலும் காற்றையே குடிக்கிறது. மத்திய விரைவுச்சாலையில் மாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, ஏர்கான் கண்டன்சரின் வெப்பமும் சேர்ந்து, இன்டேக் வெப்பநிலை 60 டிகிரியை எளிதில் தொடும். 35 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 60 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. ஒரு சதவீதத்தைச் சம்பாதிக்கப் போய் ஏழு சதவீதத்தைத் தொலைக்கிறோம். காற்று சூடானால் இன்ஜினில் நாக் (எரிபொருள் கலவை தானாகவே தீப்பற்றித் தட்டுவது) வரும் வாய்ப்பும் கூடும். அதைத் தவிர்க்க ஈசியு, அதாவது இன்ஜினின் கணினி, இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி நேரத்தை) பின்னுக்கு இழுக்கும்போது இன்னும் கொஞ்சம் சக்தி போகும். விளக்கு பச்சையாகி மிதிக்கிறபோது கார் கனமாகத் தெரிகிறதே என்று எங்களிடம் வருகிறவர்களின் வண்டியில் பல நேரம் இதுதான் காரணம். சத்தம் மட்டும் பெரிதாக இருப்பதால் சக்தி கூடியதாகக் காது நம்பிவிடுகிறது.

இதைச் சோதிக்க, காரின் கணினி அளவுகளைப் படிக்கும் முப்பது, நாற்பது வெள்ளி ஓபிடி டாங்கிள் ஒன்று போதும். இன்டேக் வெப்பநிலை, மாஃப் அளவு (உள்ளே போகும் காற்றின் அளவு), ஃபியூவல் ட்ரிம் (ஈசியு பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) மூன்றையும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே சாலையில், நாளின் அதே நேரத்தில் பதிவு செய்யுங்கள். சக்தியை அளக்கும் டைனோ மேடையில் ஏற்றினால் பானட்டை மூடச் சொல்லுங்கள். பானட்டைத் திறந்து பெரிய மின்விசிறியை முன்னால் வைத்தால் எந்த ஓப்பன் பாடும் நல்ல பிள்ளையாகிவிடும். ஒரே காரில் அடுத்தடுத்த ஓட்டங்களிலேயே ஓரிரு சதவீதம் மேலும் கீழும் போகும் என்பதால் ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். மூன்று ஓட்டங்களின் சராசரியைக் கேளுங்கள்.

அடுத்தது மாஃப் சென்சார். உள்ளே போகும் காற்றை அது முழுதாக எடைபோடுவதில்லை. குழாயின் ஒரு புள்ளியில் உள்ள சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்று பார்த்து, குழாயின் அளவை வைத்து மொத்தத்தை ஊகிக்கிறது. சென்சார் உட்காரும் இடத்தில் அசல் குழாயின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அந்த இடத்தில் 76 மில்லிமீட்டர் குழாயை மாட்டினால் பரப்பு 18 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும், பெட்ரோலும் அந்தளவு குறையும். புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து ஈசியு திருத்தப் பார்க்கும். ட்ரிம் எல்லை தாண்டினால் பி0171 என்ற பிழைக் குறியீட்டுடன் இன்ஜின் விளக்கு எரியும். முழு த்ராட்டிலில் லீனாக, அதாவது காற்றுக்குத் தேவையான பெட்ரோல் இல்லாமல், ஓடுவது இன்ஜினுக்கு ஆபத்து. சென்சாருக்கு முன்னால் இருக்கும் தேன்கூடு வலையை எடுத்துவிட்டாலும், வளைவுக்கு ஒட்டி சென்சாரை வைத்தாலும் காற்று சுழன்று அளவு தடுமாறும். உங்கள் மாடலுக்கென்றே செய்த கிட்டாக, மாஃப் இருக்கும் இடத்தின் உள்விட்டம் அசலோடு பொருந்துவதாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் வெர்னியர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் இன்னொரு தொல்லை. கழுவியபின் எண்ணெய் அதிகமாகிவிட்டால் அது கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். மாஃப் கிளீனர் என்று எழுதிய ஸ்ப்ரே மட்டும் அடித்து, கம்பியைத் தொடாமல், நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். வாங்கும்போது ஏர் ஃபில்டர்களுக்கான ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள். காற்றோட்ட அளவை மட்டும் பெரிதாக அச்சடித்து, தூசி பிடிக்கும் திறனைச் சொல்லாத ஃபில்டரை நாங்கள் போடச் சொல்வதில்லை. துவாஸ், தெங்கா பக்கம் கட்டுமானத் தூசியில் தினமும் ஓடுகிற காருக்கு இது இன்னும் முக்கியம். பிஸ்டன் ரிங்கைத் தேய்ப்பது அந்தத் தூசிதான்.

மாட்டும்போது கோட்டைவிடும் இடம், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ப்ரீதர் குழாய். அது ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே அசலில் இருந்த இடத்திலேயே சேர வேண்டும். தொங்கவிட்டால் அளக்காத காற்று உள்ளே போகும், ஐடில் (மிதிக்காதபோது ஓடும் இன்ஜின் சுற்று) ஆடும், எண்ணெய்ப் புகை வெளியே வரும். மிதிக்கும்போது இன்ஜின் மவுண்டில் அசையும் என்பதால் உலோகக் குழாயைச் சுற்றி 15 மில்லிமீட்டர் இடைவெளியாவது விடுங்கள். கிளாம்ப்களை 200 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள்.

டர்போ கார் வைத்திருப்பவர்கள் எங்களுக்காவது பலன் உண்டா என்று கேட்பார்கள். ஈசியு ஒரு டார்க் (சுழற்று விசை) இலக்கை வைத்து பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, தானே சரிசெய்துகொள்வதால், ஈசியு அமைப்புகளை மாற்றும் ட்யூன் இல்லாமல் மாற்றம் சொற்பம். பெரிய டர்போவோ, பூஸ்ட் கூட்டிய ட்யூனோ வந்து, அசல் பெட்டி மூச்சுத் திணறுகிறது என்று டேட்டா லாக் காட்டினால் அப்போது செலவழியுங்கள். மலேசியாவின் சிப்பாங் பந்தய ட்ராக்குக்குப் போகிறவர்களுக்கும் அர்த்தம் உண்டு. அப்போதும் மூடிய பெட்டி, முன்பக்கத்திலிருந்து காற்றிழுக்கும் குழாய் உள்ள கிட்டையே எடுங்கள். மற்றவர்களுக்கு, நல்ல அசல் ஃபில்டரைச் சர்வீஸ் புத்தகம் சொல்லும் தூரத்தில் மாற்றுவதும், மரநிழலில் நிறுத்தும் வண்டியில் மூக்குக்குழாய்க்குள் காய்ந்த இலை அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதுமே போதும்.

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி தேவைப்படுபவை, கூடாதவை என்று பிரித்து ஒன்மோட்டோரிங் தளத்தில் வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கடைசியாக, கோல்ட் ஏர் இன்டேக் என்று பம்பருக்குக் கீழே ஃபில்டரை இறக்கும் வகை. குளிர்ந்த காற்று கிடைப்பது உண்மை. ஆனால் இந்த ஊரில் அரை மணி நேர மழையில் புக்கிட் தீமா போன்ற இடங்களில் திடீர் வெள்ளம் வந்துவிடும். மேலே சொன்ன 1.6 லிட்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 10.5 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 42 மில்லிலிட்டர். அதாவது மூன்று மேசைக்கரண்டி. அதற்குமேல் தண்ணீர் போனால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுபோனால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். டோ வண்டியை அழைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே இன்ஜினைச் சுற்றச் சொல்லுங்கள்.